கிகாலியிலிருந்து போன ஒரு தொலைநகல்

1994 ஜனவரி 11. ருவாண்டாவின் தலைநகர் கிகாலியில் இருந்த ஐ.நா. அமைதிப்படைத் தலைமையகத்திலிருந்து நியூயார்க்குக்கு ஒரு தொலைநகல் போயிற்று. அனுப்பியவர் படைத்தளபதி ரோமியோ டலேர், கனடாக்காரர். பெற்றவர் பொதுச்செயலாளரின் ராணுவ ஆலோசகர் மோரிஸ் பாரில், அவரும் கனடாக்காரர். தகவல் தருபவருக்குப் பாதுகாப்பு தேவை என்பதுதான் தலைப்பு. உள்ளே இருந்ததோ ஒரு படுகொலைக்கான ஏற்பாடு.

இன்டெரஹாம்வே என்ற ஹுட்டு இன ஆயுதக் கும்பலுக்குப் பயிற்சி கொடுத்துவந்த ஒருவர், ‘ழான்-பியர்’ என்ற ரகசியப் பெயரில், அமைதிப்படையினரிடம் பேசியிருந்தார். கிகாலியில் உள்ள டுட்சி இனத்தவர் அனைவரையும் பதிவு செய்யத் தனக்கு உத்தரவு வந்திருக்கிறது, அவர்களை அழிக்கத்தான் என்று சந்தேகப்படுகிறேன் என்றார். தன் ஆட்கள் 20 நிமிடத்தில் 1,000 பேர் வரை கொன்றுவிடுவார்கள் என்றார். பெல்ஜிய வீரர்களைச் சீண்டிச் சிலரைக் கொன்றால் பெல்ஜியம் தன் படையைத் திருப்பி அழைத்துக்கொள்ளும், அதற்கும் திட்டம் இருக்கிறது என்றார். குறைந்தது 135 துப்பாக்கிகள் பதுக்கியிருக்கும் இடத்தைக் காட்டத் தயார். பதிலுக்குத் தன்னையும் குடும்பத்தையும் காப்பாற்ற வேண்டும்.

டலேர் அனுமதி கேட்டு எழுதவில்லை. 36 மணி நேரத்துக்குள் சோதனையில் இறங்கப்போகிறேன் என்று தெரிவித்தார். இது நமக்கு விரித்த வலையாகவும் இருக்கலாம் என்று அவரே அதில் எழுதியிருக்கிறார். அந்த நேர்மைதான் அந்தத் தாளின் மீது எனக்கு மதிப்பைக் கூட்டுகிறது.

எச்சரிக்கையை யாரும் படிக்கவில்லை என்று பலர் நினைக்கிறார்கள். படித்தார்கள், உடனே பதிலும் எழுதினார்கள். அமைதிப்படைத் துறையின் தலைவர் அப்போது கோஃபி அன்னான். அவர் பெயரில் போன பதிலில் கையெழுத்திட்டவர் இக்பால் ரிசா. சோதனை வேண்டாம், அது படைக்குத் தந்த ஆணைக்கு அப்பாற்பட்டது என்றது பதில். பாதுகாப்பு மன்றத்தின் 872ஆம் தீர்மானப்படி, கிகாலியில் ஆயுதக் கட்டுப்பாட்டு வலயத்தை அமைக்க வேண்டியவர்கள் அரசும் கிளர்ச்சிப்படையும். ஐ.நா. துணை நிற்கலாம், தானே போய் ஆயுதம் பறிக்க முடியாது. சண்டையில் கொண்டுபோய் விடக்கூடிய எதிலும் இறங்கக் கூடாது. மூன்று மாதம் முன்புதான் சோமாலியாவின் மொகதிஷுவில் 18 அமெரிக்க வீரர்கள் ஒரே மோதலில் இறந்திருந்தார்கள். அந்த அச்சம் பதிலின் ஒவ்வொரு வரியிலும் தெரிகிறது. ஆயிரக்கணக்கானோர் உயிருக்கு என்ன ஆபத்து என்ற கேள்வி, படைக்கு என்ன அதிகாரம் என்ற கேள்வியாக மாறிப்போனது அந்த மேசையில்தான்.

இன்னொன்றும் சொன்னார்கள்: ஜனாதிபதி ஹபியாரிமானாவைச் சந்தித்து இதைத் தெரிவியுங்கள், பெல்ஜியம், பிரான்ஸ், அமெரிக்கத் தூதர்களிடமும் சொல்லுங்கள். இன்டெரஹாம்வே அந்த ஜனாதிபதியின் கட்சிக்கே இளைஞர் அணி! பிறகு ஒரு செனகல் அதிகாரி சாதாரண உடையில் போய், அந்தக் கட்சியின் தலைமையகத்தில் ஆயுதங்கள் இருப்பதைக் கண்ணால் பார்த்து வந்தார். எந்தத் தூதரகமும் ழான்-பியருக்கு அடைக்கலம் தரவில்லை. அவருடனான தொடர்பும் அறுந்தது.

ஏப்ரல் 6 இரவு ஜனாதிபதியின் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. மறுநாள், பிரதமர் அகதே உவிலிங்கியிமானாவுக்குக் காவலாகப் போன 10 பெல்ஜிய வீரர்கள் கொல்லப்பட்டார்கள். பெல்ஜியம் படையைத் திருப்பி அழைத்துக்கொண்டது. தொலைநகலில் இருந்தபடியே நடந்தது. ஏப்ரல் 11 அன்று, சுமார் 2,000 பேர் தஞ்சம் புகுந்திருந்த ஒரு தொழிற்கல்விப் பள்ளியை விட்டுப் பெல்ஜிய வீரர்கள் வெளிநாட்டினரோடு கிளம்பினார்கள். விட்டுப்போனவர்களில் பெரும்பாலோர் அன்றே கொல்லப்பட்டனர். ஏப்ரல் 21 அன்று பாதுகாப்பு மன்றம், சுமார் 2,500 பேர் கொண்டிருந்த படையை 270 பேராகக் குறைக்கத் தீர்மானித்தது.

டலேர் அதையும் மீறிச் சில நூறு பேரை நிறுத்திக்கொண்டார். பெரும்பாலோர் கானா வீரர்கள். அமஹோரோ விளையாட்டரங்கில் ஆயிரக்கணக்கானோர் அவர்கள் காவலில் உயிர் பிழைத்தார்கள். செனகல் நாட்டுக் கேப்டன் ம்பாய் தியான்யே, ஆயுதமில்லாத பார்வையாளர், சாவடி சாவடியாகப் பேசிப்பேசியே நூற்றுக்கணக்கானோரைக் கடத்திக் காப்பாற்றினார். மே 31 அன்று பீரங்கிக்குண்டு விழுந்து இறந்தார். ஏப்ரலில் தொடங்கிய இனப்படுகொலையின் சுமார் 100 நாளில் மாண்டவர்கள் சுமார் 8 லட்சம் பேர்.

1998இல் ஃபிலிப் கூரெவிச் நியூயார்க்கர் இதழில் எழுதியபோதுதான் அந்தத் தொலைநகல் உலகெங்கும் பேசப்பட்டது. 1999 டிசம்பரில், ஸ்வீடனின் முன்னாள் பிரதமர் இங்வார் கார்ல்சன் தலைமையிலான விசாரணைக்குழு, அதைப் பாதுகாப்பு மன்றம் முழுவதற்கும் தெரிவித்திருக்க வேண்டும் என்றது. அதே ஆண்டு அக்டோபரில் சியரா லியோனுக்குப் போன படைக்கு, உடனடி ஆபத்தில் இருக்கும் பொதுமக்களைத் தன் ஆற்றலுக்கு உட்பட்டுக் காக்கும் அதிகாரத்தை 1270ஆம் தீர்மானம் வெளிப்படையாகவே தந்திருந்தது.

2004இல் டலேர், அரூஷாவில் இருந்த ருவாண்டாவுக்கான சர்வதேசத் தீர்ப்பாயத்தில் சாட்சி சொன்னார். அந்த வழக்கில் 2008இல் ருவாண்டா ராணுவக் கர்னல் பகோசோரா இனப்படுகொலைக் குற்றவாளி என்று தீர்ப்பானது. முன்கூட்டிய சதி மட்டும் ஐயத்துக்கு இடமின்றி நிரூபணமாகவில்லை. இதை வைத்து அந்தத் தொலைநகலை மிகைப்படுத்திவிட்டார்கள் என்று வாதிடுவோர் உண்டு. நான் ஏற்கவில்லை. சதியை நிரூபிக்கத் தேவையான சான்று வேறு. 1994 ஜனவரியில் செய்ய வேண்டியிருந்தது ஒரு பதுக்கலைத் திறந்து பார்ப்பது. அதற்கு ஆட்கள் கிகாலியிலேயே தயாராக இருந்தார்கள்.