மூன்றாம் பாகம் இல்லாத பைண்டு

எங்கள் வீட்டுப் ‘பொன்னியின் செல்வன்’ நான்கு புத்தகங்கள். முதுகில் கறுப்புக் காலிகோ துணி, பச்சையும் சிவப்பும் கலங்கிய மார்பிள் தாள் அட்டை, துணியின் மேல் வெள்ளை பெயின்ட்டில் 1, 2, 4, 5 என்று எண்கள். மூன்றாம் பாகம் என்பது வாயால் சொல்லப்படுவது என்றுதான் சின்ன வயதில் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டை முடித்ததும் அப்பாயியிடம் போய் உட்கார வேண்டும். அவர் சொல்லி முடித்த பிறகு நான்கை எடுக்கலாம்.

நாகப்பட்டினத்தில் இருந்த ரயில்வே தொழிற்சாலை 1920களின் கடைசியில் திருச்சி பொன்மலைக்கு மாறியபோது அதோடு மூட்டை கட்டிக்கொண்டு வந்த குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. தாத்தா தொழிற்சாலையில் ஃபிட்டர். அப்பாயிக்குப் பிறந்த ஊர் வேதாரண்யம் பக்கம். ரயில்வே குவார்ட்டர்ஸில் நேரம் என்பது ஷாப்பு சங்கு ஊதுவது. வாரம் என்பது ‘கல்கி’ வருவது. அதைப் பத்திரிகை என்று அங்கே யாரும் சொன்னதில்லை. “புத்தகம் வந்தாச்சா?” என்பார்கள்.

1950 அக்டோபர் கடைசியில் தொடர் தொடங்கியது. வீராணத்து ஏரிக்கரையில் ஆடிப்பெருக்கன்று வந்தியத்தேவன் குதிரையில் வந்தானே, அந்த வாரத்திலிருந்து எங்கள் வரிசையில் புத்தகம் வாங்கியது மூன்று வீடு, படித்தது பதினெட்டு வீடு. முதலில் வாங்கிய வீடு, அப்புறம் பள்ளிக்கூட வாத்தியார் வீடு, அப்புறம் ரயில் கார்டு வீடு என்று ஒரு முறை இருந்தது. ஞாயிற்றுக்கிழமை புதுசாக வந்த இதழ் வியாழக்கிழமைக்குள் காது மடங்கி, எண்ணெய்க் கறையோடு எங்கள் வீட்டுக்குத் திரும்பிவிடும். முதலில் படித்தவர் குழாயடியில் வாய் திறக்கக் கூடாது என்பது எழுதாத சட்டம். அதை மீறியவர்களுக்கு மறுவாரம் வரிசையில் கடைசி இடம். ஒரு மாமி பழுவேட்டரையரைப் பற்றி முன்கூட்டியே ஏதோ சொல்லிவிட்டு இரண்டு வாரம் கடைசி இடத்தில் கிடந்தாராம். எழுபது வருஷம் கழித்தும் எங்கள் குடும்பத்தில் அவருக்கு அதுதான் அடையாளம்.

அப்பாயி யாருக்கும் “ரொம்ப நல்லா இருக்கு, படி” என்று சொன்னதாக ஞாபகமில்லை. அரிசி புடைத்துக்கொண்டே கதையைத் தொடங்குவார். சரியாக ஓர் இடத்தில் முறத்தைத் தட்டி நிறுத்துவார். “அப்புறம்?” என்றால், “அப்புறம் என்ன, எழுத்துக் கூட்டத் தெரியும்ல? படிச்சிக்க.” அந்த முறத் தட்டலில் சிக்கிப் படிக்கப் பழகியவர்கள் அந்த வரிசையில் நாலைந்து பேராவது இருப்பார்கள்.

மூன்றரை ஆண்டு, 293 அத்தியாயம். 1954 மே மாதம் தொடர் முடிந்தது. அதே ஆண்டு டிசம்பர் 5ஆம் தேதி அதை எழுதிய கல்கி காலமானார். அந்தச் சேதி வந்த பிறகுதான் தாத்தா பரணில் கயிறு போட்டுக் கட்டி வைத்திருந்த இதழ்களை இறக்கினார். இனி இந்த மனுஷன் எழுதப்போவதில்லை, இருப்பதைப் பத்திரம் பண்ணுவோம் என்று தோன்றியிருக்க வேண்டும்.

பிரிக்கும் வேலை அப்பாயிக்கு. ஒவ்வொரு இதழிலும் பின்னை நெம்பி எடுத்துத் தொடர்கதைத் தாளை மட்டும் உருவ வேண்டும். பின் துருப்பிடித்த இடத்தில் தாள் கிழியும். பிறகு அத்தியாய வரிசைப்படி அடுக்கி, ஐந்து கட்டாக்கி, மலைக்கோட்டைப் பக்கம் ஒரு சந்தில் இருந்த பைண்டரிடம் தாத்தா சைக்கிளில் கொண்டுபோனார். தனித்தனித் தாளாக இருப்பதால் மடிப்பில் தைக்க முடியாது. ஓரமாகக் குத்தூசியால் துளை போட்டு, ட்வைன் நூலை மேலும் கீழும் விட்டு இழுத்துக் கட்டுவார்கள். இந்தத் தையலுக்கு உறுதி உண்டு, இரக்கம் கிடையாது. ஒவ்வொரு வரியிலும் உள்பக்கம் அரைச் சொல்லை விழுங்கிவிடும். எங்கள் பைண்டைப் படிக்க ஒரு கட்டை விரல் வேண்டும், நடுவில் அழுத்திப் பிடிக்க. நான்கு புத்தகத்திலும் பக்கத்தின் கீழ் உள்மூலையில் மங்கலாக ஒரு கறை தெரியும். எத்தனை பேருடைய கட்டை விரல் என்று எண்ண முடியாது.

ஒட்டியது மைதாப் பசையில். பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் கலந்து காய்ச்சியது. அப்படியும் நான்காம் பாகத்தில் ராமபாணப் பூச்சி ஒரு மூலையில் நுழைந்து நூறு பக்கம் தாண்டி மறுமூலையில் வெளியே வந்திருக்கிறது. கடைசியில் மூன்று பக்கத்தையும் கட்டிங் மெஷினில் வைத்து வெட்டினார்கள். அதில்தான் எங்களுக்கு நஷ்டம். இதழ் கை மாறிய நாட்களில் ஓரங்களில் பென்சிலால் எழுதி வைத்திருந்ததெல்லாம் பாதி போய்விட்டது. ‘நந்தினி மேல் எனக்கு’ என்று ஒரு குறிப்பு இருக்கிறது. மேலே என்ன என்பது மெஷினோடு போயிற்று.

கடையில் வாங்கிய புத்தகத்தில் பெரும்பாலும் கிடைக்காத இரண்டு சங்கதிகள் இப்படிப்பட்ட பைண்டுகளில் உண்டு. ஒன்று மணியம் வரைந்த படங்கள். குந்தவையின் கொண்டை எப்படி இருக்கும் என்று தமிழர்களுக்குச் சொன்னவர் அவர். இன்றைக்குப் பழைய பைண்டுகளைத் தேடி அலைபவர்களில் பாதிப் பேர் அந்தப் படங்களுக்காகத்தான் காசைக் கொட்டுகிறார்கள். இன்னொன்றைத் தேடி யாரும் வருவதில்லை, எனக்கு அதுதான் உசத்தி. அத்தியாயம் முடியும் தாளின் பின்பக்கம். கதை ஒரு பக்கத்தில் நின்றுவிட்டால் மறுபக்கத்தில் வேறு ஏதாவது இருக்குமே! கூந்தல் தைல விளம்பரம், யாரோ எழுதிய சிறுகதையின் கடைசிக் கால் பக்கம், கேள்வி மட்டும் இருந்து பதில் வேறு தாளோடு போய்விட்ட நகைச்சுவைத் துணுக்கு. ஒரு சிறுகதையில் ஒருத்தி தந்தியைக் கையில் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள், கதை முடிகிறது. ஏன் சிரித்தாள் என்று மூன்று தலைமுறையாக எங்கள் வீட்டில் ஆளுக்கொரு காரணம் வைத்திருக்கிறோம். பதிலில்லாத துணுக்குகளுக்குப் பதில் எழுதுவது சித்தப்பாவின் பொழுதுபோக்கு. அவர் எழுதியதில் ஒன்றுகூடச் சிரிப்பு வராது.

பைண்டானதும் புத்தகங்கள் ஊர் சுற்றத் தொடங்கின. இதழாக இருந்தபோது பதினெட்டு வீட்டைத் தாண்டாதவை பைண்டான பிறகு ரயிலேறின. ரயில்வேக்காரர்களுக்கு மாற்றல் வந்துகொண்டே இருக்கும். விழுப்புரத்துக்குப் போகிறவர் “அங்க போனா பொழுது போகாதுக்கா” என்று வந்து நிற்பார். முதல் பாகம் போகும். படித்துவிட்டுச் சீட்டு எழுதி அனுப்பினால் இரண்டாம் பாகம் போகும். தபாலில் அனுப்பினால் செலவு, ஆகவே புத்தகம் பயணம் செய்தது கார்டு பெட்டியில். விளக்கு, கொடி, விசில் வைத்திருக்கும் அந்த இரும்புப் பெட்டியில் சிவப்புக் கொடிக்கும் பச்சைக் கொடிக்கும் நடுவில் எங்கள் வந்தியத்தேவன் கிடப்பான். இரண்டாம் பாகம் ஒருமுறை அரக்கோணம் போய் இரண்டு வருஷம் கழித்து வந்தது. வரும்போது அட்டையில் மண்ணெண்ணெய் வாசனை. கொஞ்சம் முகர்ந்தால் இப்போதும் வருகிற மாதிரி இருக்கும். எனக்கு மட்டும்தான் வருகிறது என்கிறாள் மனைவி.

பண்டமாற்றும் நடந்தது. மதுரைக்குப் போன ஒரு குடும்பத்தில் ‘குமுத’த்திலிருந்து பிரித்துக் கட்டிய சாண்டில்யனின் ‘யவன ராணி’ இருந்தது. அவர்கள் அதைக் கொடுத்தால்தான் அப்பாயி இதைக் கொடுப்பார். அப்பாயிக்குச் சாண்டில்யன் அவ்வளவாகப் பிடிக்காது. “கப்பல் நல்லா ஓட்டுறாரு, ஆனா பொண்ணைப் பாத்தா கப்பலை நிறுத்திடுறாரு” என்பார். தமிழில் வந்த சரித்திரக் கதை விமர்சனங்களில் எனக்குப் பிடித்தது இதுதான். என்றாலும் வாங்கிப் படித்தார். முழுதாக.

கணக்கு வைத்துக்கொண்டது முதல் பாகத்தின் முன் வெற்றுத் தாளில். நோட்டு போட்டால் தொலைந்துவிடும் என்று அப்பாயி அதிலேயே எழுதச் சொன்னாராம். வாங்கியவர் வீட்டு எண், தேதி. திருப்பிக் கொடுக்கும்போது ஒரு வரி. மை வெளுத்துப் போன அந்தத் தாளில் இருபத்தேழு பேருடைய கையெழுத்து இருக்கிறது. ‘இரண்டாம் தரம் படித்தேன், பூங்குழலிக்காக.’ ‘ஆழ்வார்க்கடியான் எங்கள் மாமனாரைப் போல் இருக்கிறார்.’ ‘பிரசவத்துக்குப் போன இடத்தில் படித்தது, ஆண் குழந்தை.’ ஒருவர் ஒன்றும் எழுதாமல் ஒரு கத்தி படம் போட்டிருக்கிறார். படித்த புத்தகத்துக்கு ஐந்து நட்சத்திரம் போடச் சொல்லி இப்போது கைபேசி கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கத்திதான் நினைவுக்கு வரும்.

மூன்றாம் பாகம் போனது 1960களின் தொடக்கத்தில். வெற்றுத் தாளில் அந்த வரி இருந்திருக்க வேண்டும், ஆனால் அங்கே காகிதம் சுரண்டப்பட்டிருக்கிறது. பிளேடால் சுரண்டியது அப்பாயியேதான். மாற்றலாகிப் போன வீட்டுக்குத் தாத்தா இரண்டு கடிதம் எழுதினார், பதில் இல்லை. மூன்றாவது எழுத உட்கார்ந்தபோது அப்பாயி தடுத்துவிட்டாராம். “குடுத்தது நான். அவங்க பேரை எதுக்கு இழுக்கணும்? அங்க என்ன கஷ்டமோ.” கடைசிவரை அந்தப் பெயரை அவர் சொல்லவில்லை. நான் இவ்வளவு பெருந்தன்மையானவன் இல்லை. என்னிடம் புத்தகம் வாங்கித் திருப்பாதவர்களின் பட்டியல் மனப்பாடமாக இருக்கிறது.

அதன் பிறகு இரவல் வாங்க வருகிறவர்களுக்கு ஒரு நிபந்தனை சேர்ந்தது. இரண்டை முடித்துவிட்டு நேரே அப்பாயியிடம் வர வேண்டும். விழுப்புரத்துக்கும் அரக்கோணத்துக்கும் எப்படிச் சொல்வது? லீவில் வரும்போது சொன்னார். ஒருவருக்கு மூன்று இன்லண்டு லெட்டரில் எழுதி அனுப்பியதாகச் சொல்வார்கள்.

எனக்குச் சொன்னது 1981 கோடை விடுமுறையில். மொட்டை மாடியெல்லாம் கிடையாது, வாசலில் கயிற்றுக் கட்டில். ஆறு ராத்திரி. அதில் மூன்று ராத்திரி முழுக்கப் படகுதான். காய்ச்சலில் நினைவில்லாமல் கிடக்கும் அருள்மொழிவர்மனைப் பூங்குழலியும் சேந்தன் அமுதனும் கோடிக்கரையிலிருந்து ஓடையில் படகோட்டி நாகப்பட்டினம் சூடாமணி விஹாரத்துக்குக் கொண்டுபோகிறார்கள். அப்பாயி பிறந்து வளர்ந்த மண் அது. தாழம்புதரில் இருட்டில் எந்தப் பக்கம் கையை வைத்தால் முள் குத்தாது, உப்பளத்துக் காற்று எந்த நேரத்தில் திரும்பும், ஓடைத் தண்ணீர் கரிக்க ஆரம்பிக்கிற இடம் எது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். நடுவழியில் எதிரே ஓர் உப்புத் தோணி வரும். தோணிக்காரன் கிழவன், ஒரு கண்ணில் பூ விழுந்தவன். படகில் கிடப்பது யார் என்று கேட்பான். பூங்குழலி “எங்க தம்பி, பேதி” என்பாள். கிழவன் குனிந்து பார்ப்பான். பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் தன் மேல்துண்டை எடுத்து இளவரசன்மேல் போர்த்திவிட்டு, துடுப்பை எடுத்துக்கொண்டு போய்விடுவான். அவனுக்குத் தெரிந்ததா தெரியவில்லையா என்று அப்பாயி சொல்ல மாட்டார். அந்த இடத்தில் கட்டில் சட்டத்தைத் தட்டுவார். அன்றைய கதை அவ்வளவுதான்.

கல்லூரியில் சேர்ந்த பிறகு திருச்சி மாவட்ட மைய நூலகத்தில் மூன்றாம் பாகம் கையில் கிடைத்தது. ‘கொலை வாள்’, 46 அத்தியாயம். முதலில் தேடியது உப்புத் தோணியை. படகு இருந்தது, காய்ச்சல் இருந்தது, விஹாரம் இருந்தது. ஆனால் பயணம் சில அத்தியாயங்களில் கரையேறிவிட்டது. கிழவன் இல்லை. துண்டு இல்லை. அதற்குப் பதிலாக, அப்பாயி ஒரு வாக்கியத்தில் தாண்டிப் போன அரண்மனைச் சதியெல்லாம் பக்கம் பக்கமாக இருந்தது. ஆதித்த கரிகாலன் பேசுவதையெல்லாம் “அவன் ஒரு பக்கம் கத்திக்கிட்டு இருந்தான்” என்று முடித்திருந்தார்.

ஊருக்குப் போய்க் கேட்டேன். அப்பாயிக்கு அப்போது எண்பதை நெருங்கும் வயது. “கிழவன் இல்லையாமா?” என்றார். சற்று நேரம் யோசித்தார். “பொஸ்தகத்துல போட இடம் இருந்திருக்காது.”

1999இல் கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமையான பிறகு மலிவு விலைப் பதிப்புகள் எல்லாக் கடையிலும் வந்துவிட்டன. பைண்டை இரவல் கேட்டு யாரும் வருவதில்லை. வீடு மாறும்போதெல்லாம் நான்கையும் பழைய வேட்டியில் சுற்றி, வசம்புத் துண்டு போட்டு எடுத்துப்போனோம். மூன்றாம் பாகத்துக்கு ஓர் அச்சுப் புத்தகம் வாங்கி இடையில் செருகினேன். உயரம் குறைவு. வரிசையில் பல் விழுந்த மாதிரிதான் இருக்கிறது.

2022 செப்டம்பரில் படம் வந்தபோது தங்கை மகள் பார்த்துவிட்டு வந்து முதல் பாகத்தை எடுத்துப் போனாள். வெற்றுத் தாளில் எழுதச் சொன்னேன். இடமில்லை, ஓரத்தில் எழுதினாள். இருபத்தெட்டாவது ஆள். இரண்டாம் பாகத்தையும் கட்டை விரலை அழுத்திப் படித்து முடித்தாள். மூன்றுக்கு அச்சுப் புத்தகத்தைக் கொடுத்தேன். பத்து நாள் கழித்து ராத்திரி பத்து மணிக்கு மேல் போன் வந்தது.

“மாமா, அம்மா சொல்லிருக்காங்களே, உப்புத் தோணில ஒரு தாத்தா வருவாராமே, துண்டு போத்திவிடுவாராம். நான் பாதி தாண்டிட்டேன். அவரு எந்த அத்தியாயத்துல வராரு?”

“வருவாரு,” என்றேன். “இன்னும் கொஞ்சம் தள்ளி இருக்கும். படி.”