வீரகேசரியும் அதன் வாசகர்களும்

ஒரு பத்திரிகையின் வரலாற்றை எழுதப்புகுவோர் அதன் ஆசிரியர்களையும் தலையங்கங்களையும் கொண்டே அதனை எழுதி முடித்துவிடுவதுண்டு. வாசகர்கள் அப்பத்திரிகையை எவ்வாறு தமதாக்கிக் கொண்டனர் என்பது விடுபட்டுப் போகிறது. கொட்டாஞ்சேனைக்கு அயலே, கிராண்ட்பாஸ் வீதியில் நெடுங்காலம் இயங்கிய வீரகேசரியின் கதையை அந்த நோக்கில் பார்ப்பது பொருத்தமாகும்.

1920களிலேயே கோ. நடேசய்யர் கொழும்பில் தேசநேசன், தேசபக்தன் ஆகிய பத்திரிகைகளை நடத்தித் தோட்டத் தொழிலாளரின் குறைகளை எழுத்திலேற்றியிருந்தார். 1930 ஓகஸ்ட் 6ஆந் திகதி வீரகேசரி பிறந்தது. நிறுவியவர் தமிழ்நாட்டின் ஆவணிப்பட்டியைச் சேர்ந்த வணிகரான பெ. பெரி. சுப்பிரமணியம் செட்டியார். இந்தியாவிலிருந்து வந்து இங்கு தொழில் செய்தோரை மனதிற்கொண்டே பத்திரிகை தொடங்கப்பட்டது. ஆசிரிய பீடத்திலும் தமிழகத்தவரே அமர்ந்தனர். மணிக்கொடியைத் தொடங்கியவர்களுள் ஒருவரான வ.ரா. சிலகாலம் இங்கு பணிபுரிந்தார். ஆசிரியராயிருந்த எச். நெல்லையா எழுதிய தொடர்கதைகள் வாசகர்களைப் பெரிதும் கவர்ந்தன.

1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கியது. அடுத்த ஆண்டு வாக்குரிமையும் பறிபோயிற்று. தேருநர் இடாப்பில் பெயரில்லாத ஒருவருக்கு, தம் பெயரைப் பத்திரிகையில் அச்சில் காண்பது எத்துணை பெரிய விடயம் என்பதை எண்ணிப்பார்க்க வேண்டும். 1960களில் எஸ். எம். கார்மேகம் பொறுப்பேற்று நடத்திய ‘தோட்ட மஞ்சரி’ப் பகுதி அந்த வாய்ப்பைத் தந்தது. மலைநாட்டு எழுத்தாளர் மன்றத்தின் சிறுகதைப் போட்டிகளில் பரிசு பெற்ற கதைகள், 1971இல் ‘கதைக்கனிகள்’ என்ற தொகுப்பாக வீரகேசரி வெளியீடாக வந்தன. வாசகர் எழுத்தாளராகினர்.

1970களின் முற்பகுதியில் இந்திய நூல்களினதும் சஞ்சிகைகளினதும் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்ட காலத்தில் வீரகேசரிப் பிரசுரங்கள் தோன்றின. அ. பாலமனோகரனின் ‘நிலக்கிளி’ 1973இல் வன்னிக் கிராமமொன்றைத் தலைநகர வாசகரிடம் கொண்டுவந்து சேர்த்தது. இந்தியத் தமிழருக்கெனத் தொடங்கிய பத்திரிகை, வடக்கு, கிழக்கு, மலையகம், கொழும்பு என எல்லாப் பகுதியாரும் தமது என்று கூறும் நிலையை இவ்வாறே அடைந்தது.

இவற்றுக்கெல்லாம் மேலாக, கட்டணம் செலுத்தி மக்கள் தாமே எழுதிய பகுதியொன்றுண்டு. அதுவே மரண அறிவித்தல். இலங்கை வானொலி நேயர்களுக்கு அது புதிதன்று. இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும், வெள்ளவத்தையை வதிவிடமாகவும் கொண்டவர் என்று அது தொடங்கும். 1983 ஜூலைக் கலவரத்தில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைத் தமிழர் பலர் வீடிழந்து, அகதி முகாம்களிலிருந்து கப்பலேறி யாழ்ப்பாணம் சென்றனர். பின்னர் போரினால் வடக்கு, கிழக்கிலிருந்து பெயர்ந்தோர் அதே வெள்ளவத்தைக்கும் கொட்டாஞ்சேனைக்கும் வந்து குடியேறினர். பிள்ளைகளின் பெயர்களுக்கருகே லண்டன், கனடா, ஜேர்மனி என்ற அடைப்புக்குறிகள் பெருகலாயின. எந்தத் தலையங்கத்தையும்விட இந்தச் சிறிய கட்டங்கள் ஒரு சமூகம் சிதறிய வரலாற்றைத் துல்லியமாகச் சொல்கின்றன.

இந்த உறவுக்குக் கொடுக்கப்பட்ட விலையும் உண்டு. வீரகேசரிக்கும் பி.பி.சி. தமிழோசைக்கும் செய்தி எழுதிய மயில்வாகனம் நிமலராஜன் 2000 ஒக்டோபர் 19ஆந் திகதி யாழ்ப்பாணத்தில் தம் வீட்டில் கொல்லப்பட்டார். வீரகேசரியின் மட்டக்களப்புச் செய்தியாளர் ஐயாத்துரை நடேசன் 2004 மே 31ஆந் திகதி சுட்டுக்கொல்லப்பட்டார். தொலைவிலுள்ள ஊரின் செய்தி கொழும்பு வாசகரை வந்தடைய இத்தகையோர் உயிரைப் பணயம் வைத்தனர்.

வணிகர் ஒருவர் முதலிட்டுத் தொடங்கிய நிறுவனம்தான் வீரகேசரி. இலாப நட்டக் கணக்கு அதற்கும் உண்டு. ஆயினும் ஊர்விட்டு ஊர் பெயர்ந்த மக்கள் தம் பிறந்த ஊரின் பெயரை அச்சில் பதித்துவைக்க அதில் இடமிருந்தது. நமது சமூக வரலாற்றை எழுதவிரும்பும் மாணவர்கள் பழைய பிரதிகளைப் புரட்டும்போது, முதற்பக்கத்தோடு நின்றுவிடாது, உட்பக்கத்து மரண அறிவித்தல்களையும் படிப்பார்களாக.