தோரு தத்தின் பிரெஞ்சுப் புலமை

இந்தியாவில் பிரெஞ்சு இலக்கியக் கல்வியின் வரலாற்றை எழுதப் புகுவோர் பல்கலைக்கழகத் துறைகள் தோன்றிய காலத்திலிருந்து தொடங்குவது வழக்கமாக உள்ளது. புதுச்சேரியையும் காரைக்காலையும் அறிந்த தமிழர்க்கு இத்தொடக்கம் பிந்தியதாகவே தோன்றும். எனினும், பிரெஞ்சு இலக்கியத்தைத் தம் ஆய்வுப் பொருளாகக் கொண்டு, கவிஞர்களை மதிப்பிட்டு, மொழிபெயர்த்து, குறிப்புரை வரைந்து நூலாக்கிய இந்தியர்களுள் மிக முந்தியவர் பிரெஞ்சு ஆட்சிப் பகுதியைச் சேர்ந்தவர் அல்லர். ஆங்கிலேயர் ஆண்ட கல்கத்தாவில் பிறந்து, இருபத்தொரு வயதில் மறைந்த ஒரு பெண். தோரு தத் (1856-1877) கவிஞராகவே நினைக்கப்படுகிறார். அவர் ஒரு பிரெஞ்சு இலக்கிய ஆய்வாளரும் ஆவார் என்பதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தோரு 1856 மார்ச்சு 4ஆம் நாள் கல்கத்தாவின் இராம்பாகான் பகுதியில் பிறந்தார். தந்தையார் கோவிந்த சந்திர தத் ஆங்கிலத்தில் கவிதை இயற்றியவர். 1870இல் இலண்டனில் வெளிவந்த 'தத் குடும்பத் தொகுப்பு' என்னும் கவிதை நூலில் அவர்தம் பங்கு உண்டு. குடும்பம் 1862இல் கிறித்தவ சமயத்தைத் தழுவியது. 1865இல் ஒரே சகோதரன் அப்ஜு இறந்தான். 1869இல் பெற்றோர் ஆரு, தோரு என்னும் இரு பெண்களையும் அழைத்துக்கொண்டு ஐரோப்பா சென்றனர். தென் பிரான்சின் நீசு நகரில் சில திங்கள் ஓர் உறைவிடப் பள்ளியில் இருவரும் பயின்றனர். இவர்கள் பயின்ற பள்ளி இஃதொன்றே. பின்னர் இங்கிலாந்து சென்று, கேம்பிரிட்சில் பெண்களுக்கென நடத்தப்பட்ட உயர்நிலை விரிவுரைகளைக் கேட்டனர். பட்டம் பெறும் வாய்ப்பு அங்குப் பெண்களுக்கு அக்காலத்தில் இல்லை. 1873 செப்டம்பரில் குடும்பம் கல்கத்தா திரும்பியது. அடுத்த ஆண்டு சூலை 23ஆம் நாள் ஆரு எலும்புருக்கி நோயால் இறந்தார்.

கல்விச் சான்றிதழ் என்று காட்டத்தக்க எதுவும் தோருவிடம் இருந்ததில்லை. கல்கத்தாப் பல்கலைக்கழகம் பெண்களைத் தேர்வுக்கு அனுமதிக்கத் தொடங்கியது 1878இல். அதற்கு முந்திய ஆண்டே அவர் மறைந்துவிட்டார். அவருடைய புலமையை மதிப்பிடுவதற்கு எழுத்துகள் மட்டுமே சான்றாகும்.

அவ்வெழுத்துகளுள் முதலில் அச்சேறியது கவிதையன்று, ஆய்வுக் கட்டுரை என்பது பலரும் பொருட்படுத்தாத செய்தி. லால் பிகாரி தே நடத்திய 'பெங்கால் மேகசின்' இதழில் 1874 திசம்பரில் லெகோந்த் த லீல் பற்றிய கட்டுரை வந்தது. அப்போது தோருவுக்கு வயது பதினெட்டு. கட்டுரைக்கு அவர் 'ஒரு யூரேசியக் கவிஞர்' எனத் தலைப்பிட்டார். இத்தலைப்பு நோக்கத்தக்கது. லெகோந்த் த லீல் இந்துமாக்கடலின் ரெயூனியன் தீவில் பிறந்தவர். 1852இல் வெளியிட்ட தம் முதல் தொகுதியிலேயே இந்தியத் தொன்மங்களைப் பாடுபொருளாக்கியவர். (அத்தீவின் கரும்புத் தோட்டங்களுக்கு அதே நூற்றாண்டில் புதுச்சேரி, காரைக்கால் துறைகளிலிருந்து தமிழர்கள் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறியதை ஈண்டு நினைவுகூரலாம். கவிஞருக்கு இந்தியா தொன்மமாகத் தெரிந்த தீவில் இந்தியர்கள் கரும்பு வெட்டிக்கொண்டிருந்தனர்.) பாரிசின் புதிய கவிதை இயக்கத்துக்குத் தலைமை தாங்கிய ஒருவரைக் குடியேற்ற நாட்டுப் பிறப்பு என்னும் கோணத்தில் அணுகலாம் எனக் கல்கத்தாவில் இருந்த ஓர் இளம்பெண் கருதியிருக்கிறார். இதனை அடுத்து, லியோன் நகரத்துக் கவிஞர் சூலாரி பற்றியும் அதே இதழில் எழுதினார். விக்தோர் யூகோ, தியேர் ஆகியோரின் சட்டமன்ற உரைகளை 1875இல் மொழிபெயர்த்து வெளியிட்டார். கவிதையோடு நில்லாமல் பிரெஞ்சு அரசியல் உரைநடையையும் அவர் பயின்றமைக்கு இது சான்று.

1876இல் வெளிவந்த 'பிரெஞ்சு வயல்களில் பொறுக்கிய கதிர்க்கட்டு' என்று பெயர்க்கத்தக்க மொழிபெயர்ப்புத் தொகுப்பே தோருவின் தலையாய ஆய்வுப் பணி. கல்கத்தாவின் பவானிப்பூரில் இருந்த சாப்தாகிக சம்பாத் அச்சகத்தில் மிக எளிய முறையில் அச்சிடப்பட்ட இந்நூலுக்கு முன்னுரை கிடையாது. ஏறத்தாழ 165 கவிதைகள் இதில் இருந்தன. எட்டு ஆருவின் மொழிபெயர்ப்பு, ஏனையவை தோருவுடையவை. யூகோ, லமார்த்தீன், கொத்தியே, பெரான்சே, லெகோந்த் த லீல் எனப் பத்தொன்பதாம் நூற்றாண்டினரே மிகுதி. செவ்வியல் காலத்தினர்க்கு இடம் சுருக்கம். இது நடுநிலையான திரட்டு அன்று. புனைவியல் இயக்கம் பிரெஞ்சுக் கவிதையை மீட்டது என்னும் கொள்கை உடைய ஒருவரின் தேர்வு இது.

நூலின் இறுதியில் அமைந்துள்ள குறிப்புகள் இன்னும் சிறப்புடையன. கவிஞரின் வாழ்வு, அவர் சார்ந்த இயக்கம், அவரைப் பற்றிய தோருவின் மதிப்பீடு ஆகியன அவற்றில் உள்ளன. தயக்கமின்றித் தீர்ப்புக் கூறும் நடை அது. இளமையின் துணிவு சில இடங்களில் எல்லை மீறுவதும் உண்டு. இக்கட்டுரையாளர் தில்லியில் மாணவர்களிடம் தோருவைப் பற்றி வினவும்போதெல்லாம் சவுக்கு மரத்தைப் பற்றிய அவர் கவிதையையே விடையாகப் பெற்றதுண்டு. பிரெஞ்சுக் குறிப்புகளைப் படித்ததாகக் கூறியவர் ஒருவரும் இலர்.

இந்நிலைக்கு எட்மண்ட் காசு ஓரளவு பொறுப்பாவார். 1876 ஆகத்தில் இலண்டன் 'எக்சாமினர்' இதழ் அலுவலகத்துக்கு வந்த இந்நூலைப் படித்து முதலில் பாராட்டியவர் அவரே; அந்த நன்றிக்கு அவர் உரியவர். ஆயினும் 1882இல் தோருவின் ஆங்கிலக் கதைப்பாடல் தொகுதிக்கு அவர் வரைந்த முன்னுரை, இளமையில் வாடிய மலர் என்னும் படிமத்தை நிலைநிறுத்திவிட்டது. தோருவின் திறமைக்குச் சான்றாக அதில் காசு எடுத்துக்காட்டும் யூகோவின் காலைப் பாடல் உண்மையில் ஆரு மொழிபெயர்த்தது. நூலை நுணுகிப் பாராமலே இரங்கற்பா பாடப்பட்டது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

பிரெஞ்சு நாட்டவர் அவரை வேறு விதமாக எதிர்கொண்டனர். ஆந்த்ரே தெரியே 1877இல் 'இரு உலகங்களின் இதழ்' என்னும் புகழ்பெற்ற பாரிசு ஏட்டில் 'கதிர்க்கட்'டை மதிப்புரை செய்தார். 'பண்டைய இந்தியாவில் பெண்' என்னும் நூலை 1864இல் எழுதிய கிளாரிசு பாதேருக்கு அதை மொழிபெயர்க்க இசைவு வேண்டித் தோரு பிரெஞ்சு மொழியில் மடல் எழுதினார். இசைவு கிடைத்தது, பணி நிறைவேறவில்லை. 1877 ஆகத்து 30ஆம் நாள் அவரும் எலும்புருக்கி நோய்க்கு இரையானார்.

அவர் மறைவுக்குப் பின் தந்தையார் கண்டெடுத்த கையெழுத்துப் படிகளுள் ஒன்று பிரெஞ்சு மொழியில் எழுதப்பட்ட முழு நாவல். 'செல்வி தார்வேரின் நாட்குறிப்பு' என்னும் அந்நூல் பாதேரின் முகவுரையுடன் 1879இல் பாரிசில் வெளிவந்தது. மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்' அச்சேறியதும் அதே ஆண்டில்தான். தமிழில் முதல் நாவல் தோன்றிய ஆண்டில் ஓர் இந்தியப் பெண்ணின் பிரெஞ்சு நாவல் பாரிசுக் கடைகளில் விற்கப்பட்டது. கதை பிரித்தானிக் கரையில் நிகழ்வது. மாந்தர் அனைவரும் பிரெஞ்சுக்காரர்.

வங்கமொழி வீட்டில் வழங்க, ஆங்கிலத்தில் கல்வி கற்று, பிரெஞ்சில் நாவல் எழுதிய ஒருவரைத் தாய்மொழியைத் துறந்தவர் எனக் குறைகூறுவது எளிது. மொழியியல் நோக்கில் இவ்வழக்கு அத்துணை எளிதன்று. தோரு தம் மொழிகளுள் தாமே விரும்பித் தேர்ந்தது பிரெஞ்சு ஒன்றுதான். ஆங்கிலம் குடும்பச் சூழல் தந்தது. மேலும் 1875இன் இறுதியில் அவர் தந்தையாருடன் வடமொழி பயிலத் தொடங்கி, விட்டுணு புராணத்துத் துருவன் கதை முதலியவற்றை ஆங்கிலப் பாட்டாக்கினார். மூலத்தைப் படித்து, தேர்ந்து, பெயர்க்கும் பயிற்சியைப் பிரெஞ்சுக் கவிதையில் பெற்ற பின்னரே அவர் இந்திய மூலங்களிடம் வந்தார். பிரெஞ்சு அவரை வீட்டிலிருந்து அகற்றவில்லை என்பது என் கருத்து.

பிற்காலத்தில் அவரைப் பேணியதில் தில்லிக்குப் பங்குண்டு. அரிகர் தாசின் விரிவான வாழ்க்கை வரலாறு 1921இல் ஆக்சுபோர்டு வெளியீடாக வந்தபின், பத்மினி சென்குப்தா எழுதிய சிறுநூலைச் சாகித்திய அகாதெமி 1968இல் வெளியிட்டது. பிரெஞ்சு நாவலைச் சவகர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் பிரெஞ்சுப் பேராசிரியர் என். கமலா ஆங்கிலத்தில் பெயர்த்தார். பென்குவின் இந்தியா அதனை 2005இல் வெளியிட்டது. பட்டமில்லாத ஆய்வாளரின் நூல், துறை சார்ந்த ஓர் ஆய்வாளரின் கைக்கு வந்து சேர 126 ஆண்டுகள் ஆயின.