பொன் வாரியம் முதல் நுகர்வோர் ஆணையம் வரை

ஸ்ரீவராகத்தில் குடியிருக்கும் நம்மவர்க்குச் சாலைக் கடைத்தெரு நடந்து போகிற தூரந்தான். ஒருநாள் காய்கறிப் பையோடு திரும்பும்போது, எட்டாம் வகுப்புப் படிக்கும் என் பேத்தி கேட்டாள்: "தாத்தா, எடை குறைச்சுக் கொடுத்தா மேயர்கிட்ட சொல்லணுமா?"

சட்டென்று பதில் வரவில்லை. பாடப் புத்தகத்தில் உள்ளாட்சி ஒரு பாடம். நுகர்வோர் உரிமை வேறொரு பாடம். இரண்டும் சந்திக்கிற இடம் கடைவீதி என்பதை யாரும் சொல்லித் தருவதில்லை.

நம் வரலாற்றில் இவை ஒன்றாகவே இருந்தன. காஞ்சிபுரம் மாவட்டத்து உத்தரமேரூரில், முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) ஊர்ச்சபையின் வாரியங்களைக் கூறுகின்றன. தோட்ட வாரியம், ஏரி வாரியம் ஆகியவற்றோடு பொன் வாரியமும் உண்டு. பொன்னின் தரத்தைக் கவனித்தது இதுவே என்பர் ஆய்வாளர். 30 குடும்புகளிலும் குடவோலை முறையில் தேர்வு. பதவி 360 நாள். குடத்திலிருந்து ஓலையை எடுத்தவன் ஒரு சிறுவன். முன்பு பதவி வகித்துக் கணக்குக் காட்டாதவரும் அவர் உறவினரும் மீண்டும் வர முடியாது.

பெருமையோடு குறையையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். நிலமும் வீடும் வேதக் கல்வியும் உடைய ஆண்களுக்கே அங்கு இடம். பெண்களுக்கோ நிலமற்றவர்க்கோ இல்லை. 1992ஆம் ஆண்டின் 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம், நகராட்சிகளில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாத இடங்களைப் பெண்களுக்கு ஒதுக்கியது. 1940இல் மாநகராட்சியான நம் திருவனந்தபுரத்தில், 2020இல் 21 வயது மாணவி ஆர்யா ராஜேந்திரன் மேயரானது குறிப்பிடத்தக்கது.

இன்று வேலைகள் பிரிந்துவிட்டன. கடைக்கு உரிமம் தருவதும் சந்தையின் சுத்தமும் மாநகராட்சியின் பொறுப்பு. தராசுக்கும் எடைக்கல்லுக்கும் முத்திரையிடுவது மாநில அரசின் சட்டமுறை எடையளவுத் துறை. கலப்படத்துக்கு உணவுப் பாதுகாப்புத் துறை. நகைக்கு ஹால்மார்க் முத்திரை 2021 முதல் படிப்படியாகக் கட்டாயமாயிற்று. நஷ்டஈடு வேண்டுமா? 1986ஆம் ஆண்டுச் சட்டம் தந்த மன்றங்கள், 2019ஆம் ஆண்டுச் சட்டத்தால் நுகர்வோர் ஆணையங்களாயின. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணமில்லை. இரண்டு ஆண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும்.

எனவே பேத்திக்குச் சொன்னேன்: "எடைக்கு மேயர் இல்லம்மா, எடையளவுத் துறை. ஆனா சந்தை நாறினா நம்ம கவுன்சிலரைக் கேக்கலாம். எதுக்கும் முதல்ல பில்லு வாங்கி வை."

ஆசிரியப் பெருமக்கள் மாணவர்களை ஒருநாள் கடைவீதிக்கு அழைத்துச் செல்லட்டும். தராசின் முத்திரையைத் தேடட்டும், பொட்டலத்தின் விலையையும் தேதியையும் படிக்கட்டும், பிறகு மன்றக் கூட்டத்தைப் பார்க்கட்டும். அன்று ஓலை எடுத்த சிறுவனுக்கு அதில் இருந்தது தெரியாது. தெரியாமையே அவன் தகுதி. நம் பிள்ளைகளுக்கோ தெரிந்திருப்பதுதான் தகுதி. கணக்குக் கேட்கத் தெரிந்த குடிமக்கள் இல்லையேல், எந்த வாரியமும் வெறும் பெயர்தான்.