எல்லைக் கிராமங்களும் அரசின் இலவச இணையக் கல்வி வளங்களும்: பாறசாலை, நெய்யாற்றின்கரைத் தமிழ் மாணவரை முன்வைத்து

அரசு தரும் இணையப் பாடங்கள் காசில்லாமல் கிடைத்தால் மட்டும் போதாது. மாணவர் படிக்கும் பாடத்திட்டத்துக்கும் அவருடைய மொழிக்கும் அவை ஒருசேரப் பொருந்த வேண்டும். தமிழ்நாட்டின் எல்லை ஊரான களியக்காவிளையைத் தாண்டியதும் கேரளத்தில் தொடங்கும் பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதிக் கிராமங்களில் இந்தப் பொருத்தம்தான் அறுபடுகிறது. கேரளம், தமிழ்நாடு ஆகிய இரு அரசுகளின் வளங்களும் அங்குள்ள தமிழ்க் குடும்பத்தின் கைப்பேசியில் திறக்கும். ஆனால் ஒன்றில் தமிழ் குறைவு. மற்றொன்றில் பாடத்திட்டம் வேறு. இக்குறையைத் தீர்க்கப் புதிய செயலி தேவையில்லை, இருப்பவற்றை இணைத்தாலே போதும் என்று இக்கட்டுரை வாதிடுகிறது.

உரிமையின் பின்னணி

1956 நவம்பர் 1 அன்று, மொழிவாரி மாநிலச் சீரமைப்பில், தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. தமிழர் பகுதிகளை இணைக்கப் போராடிய திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்ட நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. அதே நாளில் நடைமுறைக்கு வந்த ஏழாவது அரசியலமைப்புத் திருத்தம் 350அ பிரிவைச் சேர்த்தது. மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தரப் போதிய வசதி செய்ய மாநிலங்கள் முயல வேண்டும் என்கிறது அப்பிரிவு. 2019 செப்டம்பரில், கைப்பேசிக் கட்டுப்பாட்டை எதிர்த்துக் கல்லூரி விடுதி மாணவி ஒருவர் தொடுத்த வழக்கில், இணையத்தை அணுகுவது கல்வி உரிமையின் ஒரு பகுதி எனக் கேரள உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால், தாய்மொழியில் இணையப் பாடம் கேட்பது சலுகை அல்ல, உரிமையின் இயல்பான நீட்சி என்றே கொள்ள வேண்டும்.

இருப்பவை

கேரள அரசின் கல்வித் தொழில்நுட்ப நிறுவனமான கைட் 2020 ஜூன் 1 அன்று விக்டர்ஸ் தொலைக்காட்சியில் 'ஃபர்ஸ்ட் பெல்' வகுப்புகளைத் தொடங்கியது. தமிழ், கன்னட வழி மாணவர்க்கும் வகுப்புகள் உருவாயின. எனினும் அலைவரிசையின் முதன்மை ஒளிபரப்பு மலையாளத்திலேயே அமைந்தது. 'சமக்ரா' தளத்தில் ஆசிரியர்களுக்கான வளங்களும் பாடநூல்களும் உள்ளன. தமிழ்நாட்டில் கல்வித் தொலைக்காட்சி 2019 ஆகஸ்டிலும் 'மணற்கேணி' செயலி 2023 ஜூலையிலும் வந்தன. 2001இல் தொடங்கிய தமிழ் இணையக் கல்விக்கழகம் மழலைக் கல்வி முதல் மின்னூலகம் வரை தருகிறது.

பொருத்தம்

இவ்வளங்களை இரு வகையாகப் பிரிக்கலாம். எழுத்தறிவு, கதை, பாட்டு, நூலகம் ஆகியவை பாடத்திட்டத்தைச் சாராதவை. வீட்டில் தமிழும் பள்ளியில் மலையாளமுமாக வளரும் பிள்ளை இணையக் கல்விக்கழகத்தின் மழலைப் பாடங்களை இன்றே பயன்படுத்தலாம். கணக்கும் அறிவியலும் அப்படியல்ல. கேரளத்தின் பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகம் பல ஆண்டுகளாகக் கூட்டுத் தொடர்வரிசையில் தொடங்கிவந்தது. தமிழ்நாட்டுப் புத்தகம் உறவுகளும் சார்புகளும் என்ற இயலில் தொடங்கி, கூட்டுத் தொடர்வரிசையை இரண்டாம் இயலுக்குள் வைத்தது. கருத்து ஒன்றே, மொழியும் தமிழே. ஆனால் அது எங்கே இருக்கிறது என்று சொல்ல ஆளில்லை. மத்திய அரசின் 'தீக்ஷா' செயலியும் முதலில் கேட்பது எந்த வாரியம், எந்தப் பயிற்றுமொழி, எந்த வகுப்பு என்பதைத்தான். ஒரு வாரியத்தைத் தேர்ந்த பிள்ளையின் முகப்பில் அந்த வாரியத்தின் பாடங்களே வரிசைப்படும். அண்டை மாநிலத்தில் தமிழில் கிடக்கும் நல்ல பாடம் தானாகக் கண்ணில் படாது.

ஆகவே தேவைப்படுவது ஓர் ஒப்பீட்டு அட்டவணை. கேரளத் தமிழ்வழிப் பாடநூலின் ஒவ்வோர் அலகுக்கும் நேராகத் தமிழ்நாட்டுப் பாடத்தின் வகுப்பு, இயல், காணொளி இணைப்பு ஆகியவற்றைக் குறித்தால் போதும். இரு மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி பயிற்சி நிறுவனங்களும் எல்லைப்புற ஆசிரியர்களைக் கொண்டு இதைச் செய்யலாம். கேரளம் 2024 முதல் புதிய பாடநூல்களைக் கொண்டுவந்திருப்பதால் இதுவே தக்க தருணம்.

மறுப்புகள்

மாணவர் தொகை சிறிது, செலவு மிகும் என்பர். ஆனால் பாடங்கள் ஏற்கெனவே இருக்கின்றன. இனி வேண்டியது ஆசிரியரின் உழைப்பு நேரம் மட்டுமே. மலையாளத்தில் படிப்பதே பிழைப்புக்கு உதவும் என்பது இன்னொரு வாதம். மலையாளம் அவர்களுக்கு வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் தாய்மொழியில் புரிந்த கணக்கு மலையாளத் தேர்வுக்கும் உதவும். ஒன்றுக்காக மற்றொன்றைக் கைவிடும்படி பிள்ளையைக் கேட்க நியாயமில்லை. பெற்றோருக்குத் தெரியாது என்ற குறையையும் தீர்க்கலாம். சான்றிதழுக்கும் விண்ணப்பத்துக்கும் குடும்பங்கள் செல்லும் அட்சயா மையங்களிலும் ஊர் நூலகங்களிலும் இந்த அட்டவணையைத் தமிழிலும் மலையாளத்திலும் ஒட்டிவைக்க வேண்டும்.

கேரளம் தன் தமிழ்வழி மாணவரின் பாடத்திட்டத்தை அறியும். தமிழ்நாட்டிடம் தமிழ்ப் பாடங்கள் குவிந்துள்ளன. இரண்டையும் சேர்க்கும் பொறுப்பு இரு கல்வித் துறைகளுக்கும் உரியது. வரும் கல்வியாண்டுக்குள், பத்தாம் வகுப்புக் கணக்கிலும் அறிவியலிலுமாவது, அப்பணியை அவை தொடங்க வேண்டும்.