பணிமேசையும் தேர்வறையும்: வேலையிலிருந்தபடி மின்னணுவியல் கற்றோர் வரலாறு

இந்தியாவில் வேலையை விடாமல் பொறியியல் தகுதி பெற விரும்பியோருக்கு நெடுங்காலம் திறந்திருந்த வழி, 1920இல் சென்னையில் பதிவு செய்யப்பட்டுப் பின்னர் கல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியப் பொறியாளர் நிறுவனம் 1928 முதல் நடத்திவந்த இணை உறுப்பினர் தேர்வாகும். ஏ.எம்.ஐ.இ. என்ற சுருக்கப் பெயரால் அறியப்பட்ட இத்தேர்வு, அடிப்படை அறிவியல் பாடங்கள் அடங்கிய 'ஏ' பிரிவு, சிறப்புத் துறைப் பாடங்கள் அடங்கிய 'பி' பிரிவு என இரு படிகளைக் கொண்டிருந்தது. இரண்டிலும் தேறியவரை அரசுப் பணிக்கும் பதவி உயர்வுக்கும் பொறியியல் பட்டதாரிக்கு நிகராக நடுவணரசு ஏற்றது.

இந்நிறுவனம் பாடம் நடத்தவில்லை என்பதே இம்முறையின் தனித்தன்மை. பாடத்திட்டத்தை வகுப்பதும் வினாத்தாளைத் தருவதும் விடைத்தாளைத் திருத்துவதும் மட்டுமே தன் பொறுப்பென அது கருதியதால், படிப்பது முழுவதும் தேர்வரின் பாடாயிற்று. பகல் முழுதும் தொலைபேசி இணைப்பகத்திலோ ரயில்வே சைகைப் பிரிவிலோ உழைத்தவர், இரவில் தாமாகவோ மாலைநேரப் பயிற்சி மையங்களின் துணையோடோ படித்தார். ஒரே அமர்வில் எல்லாத் தாள்களிலும் தேறுவது அரிதாகையால் பலருக்கு இது ஆண்டுக்கணக்கில் நீண்டது.

மின்னணுவியல் தனித்துறையாக வளர்ந்தபோது, தொலைத்தொடர்புப் பொறியாளர்களுக்கென 1953இல் தோன்றிய ஐ.இ.டி.இ. என்னும் அமைப்பும் இதே வகையில் உறுப்பினர் தேர்வுகளை நடத்தியது. இவற்றுக்கு இணையாக லண்டனிலிருந்து ஒரு வழியும் வந்தது. 1925இல் தொடங்கிய பிரித்தானிய வானொலிப் பொறியாளர் நிறுவனம், 1964இல் பெயரில் மின்னணுவியலையும் சேர்த்துக்கொண்டது. 1959 நவம்பருக்குப் பின் நடந்த அதன் பட்டதாரி உறுப்பினர் தேர்வில் தேறியோரையும் நடுவண் பணியாளர் தேர்வாணையத்தின் பொறியியல் பணித் தேர்வு விதிகள் தகுதியுடையோராக ஏற்றன. லண்டனில் அமைந்த ஓர் அமைப்பின் தேர்வை இந்திய அரசு இவ்வளவு காலம் தன் விதிகளில் வைத்திருந்தது, அத்தேர்வுகளின் கண்டிப்பின்மீது இருந்த நம்பிக்கையைக் காட்டுகிறது.

இவ்வழிகள் அனைத்திலும் எழும் கேள்வி ஆய்வகம் பற்றியது. மின்சுற்றில் ஓடும் குறிப்பலையின் வடிவத்தைத் திரையில் வரைந்துகாட்டும் அலைகாட்டியைக் கையாளாமல், படத்தை மட்டும் பார்த்து ஒருவர் மின்னணுவியல் கற்றுவிட முடியாது. தொடக்ககாலத் தேர்வருக்கு அவருடைய பணியிடமே அக்குறையை ஈடுசெய்தது; பெங்களூரில் 1948இல் எழுந்த இந்தியத் தொலைபேசித் தொழிலகம், 1954இல் எழுந்த பாரத் எலெக்ட்ரானிக்ஸ் போன்ற ஆலைகளில் பணிமேசையில் நாள்தோறும் கருவிகளைச் சோதித்தவருக்குத் தேர்வில் எழுதியது வெற்றுக் கோட்பாடாக இருந்திருக்க இயலாது. கோயம்புத்தூரின் பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி போன்றவை வேறு தீர்வைக் கண்டன: பட்டயப் படிப்பு முடித்துப் பணியிலிருப்போரை மாலை வகுப்பில் சேர்த்து, மூன்றரை ஆண்டுகளில், கல்லூரி ஆய்வகத்திலேயே செய்முறை தந்து, பி.இ. பட்டத்துக்கு அவை ஆயத்தப்படுத்தின.

கணினி வந்தபோது சிக்கலின் தன்மை மாறியது. 1981இல் தொடங்கிய என்.ஐ.ஐ.டி. போன்ற தனியார் பயிற்சி நிறுவனங்கள் பெருகி, அவை தரும் சான்றிதழ்களுக்குப் பொது அளவுகோல் இல்லாத நிலையில், நடுவணரசின் மின்னணுவியல் துறையும் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவும் இணைந்து 1990இல் டோயக் திட்டத்தை அறிமுகப்படுத்தின. இதில் 'ஓ' நிலை அடிப்படைப் படிப்பு, 'ஏ' நிலை உயர்பட்டயம், 'பி' நிலை எம்.சி.ஏ.வுக்கும் 'சி' நிலை எம்.டெக்.குக்கும் ஒப்பானவை. தனியார் நிறுவனம் கற்பிக்க, தேர்வை மட்டும் பொது அமைப்பு நடத்தியது. கற்பிப்பவரும் தேர்வு வைப்பவரும் வேறுவேறாக இருக்கவேண்டும் என்ற பழைய நெறி இங்கும் காக்கப்பட்டது.

அந்நெறி கைவிடப்பட்ட இடத்தில்தான் சரிவு நேர்ந்தது. 2001 முதல் சில நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள், அதாவது சட்டமன்றச் சட்டத்தால் அன்றி நடுவணரசின் அறிவிக்கையால் பல்கலைக்கழகத் தகுதி பெற்றவை, உரிய ஒப்புதலின்றி அஞ்சல்வழியில் பொறியியல் பட்டம் வழங்கின. தாமே சேர்த்து, தாமே தேர்வு வைத்து, தாமே பட்டமளித்தன. 2017 நவம்பரில் உச்ச நீதிமன்றம், 2001 முதல் 2005 வரையிலான கல்வியாண்டுகளில் சேர்ந்தோரின் பட்டங்களை மறுதேர்வில் தேறும்வரை நிறுத்திவைத்தது. அதற்குப் பின் சேர்ந்தோரின் பட்டங்களை நீக்கியது. இதில் இழப்புற்றோர் பெரும்பாலும் பதவி உயர்வுக்காகப் படித்த பணியாளர்களே. தவற்றின் சுமை அவர்கள்மேல் விழுந்தது முறையன்று.

தேர்வு மட்டும் நடத்திய பழைய அமைப்புகளின் தகுதியும் இதற்கிடையில் சுருங்கியது. 2013 மே 31 வரை பதிவு செய்தோருக்கே பட்டத்துக்கு நிகரான ஏற்பு எஞ்சியது. பணியாளருக்கு ஏற்ற நேரத்தில் வகுப்பு நடத்த 2023-24இல் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு கல்லூரிகளுக்கு இசைவளித்தபோது, மாணவரின் பணியிடம் கல்லூரிக்கு அருகில் இருக்கவேண்டும் என நிபந்தனை விதித்தது.