பெண்களுக்கு அனுமதி இல்லை!

கல்யாணம் ஆகாத பெண்ணா? வேண்டாம். கணவருக்குக் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் ஆகிவிட்டதா? அப்பவும் வேண்டாம்! 1977-ல் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. போட்ட விதி இது. கருத்தரிக்கக்கூடிய பெண்களைப் பெரும்பாலான புது மருந்துகளின் ஆரம்பகட்டப் பரிசோதனையில் சேர்க்கக் கூடாது என்றார்கள். காரணம், தாலிடமைடு. 1957-ல் ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த அந்த மாத்திரையைக் கர்ப்பிணிகள் விழுங்கியதில், 10,000-க்கும் மேற்பட்ட குழந்தைகள் குறையோடு பிறந்தன. பயம் நியாயம்தான். விளைவு? ஆணுக்கு அளவெடுத்த சட்டையைப் பெண்ணுக்கும் மாட்டினார்கள்.

1993-ல் விதி போனது. 1995-ல் வந்தது டாக்ஸில். எஃப்.டி.ஏ. அனுமதித்த முதல் நானோ மருந்து. சுமார் 100 நானோமீட்டர் கொழுப்புக் குமிழிக்குள் மருந்தை அடைத்து ரத்தத்தில் ஏற்றுவார்கள். முதலில், எய்ட்ஸோடு வரும் ஒருவகைப் புற்றுநோய்க்குத்தான் கொடுத்தார்கள். அமெரிக்காவில் அந்த நோயாளிகள் பெரும்பாலும் ஆண்கள். 1999-ல் சினைப்பைப் புற்றுநோய்க்கும் அனுமதி கிடைத்தது. இப்போது நோயாளிகள் எல்லோருமே பெண்கள்!

குமிழிகளைப் பிடித்து அப்புறப்படுத்துவது கல்லீரல், மண்ணீரலில் இருக்கும் காவல் செல்கள். பெண் உடம்பில் இந்த மருந்து மெதுவாகத்தான் வெளியேறுகிறது என்று பிற்பாடு ஆய்வுகள் காட்டின. அதிக நேரம் தங்கினால் நல்லதுதானே என்கிறீர்களா? உள்ளங்கை, உள்ளங்கால் தோல் சிவந்து உரிவதும் இதே மருந்தின் வேலைதான் சார்! டோஸ் கணக்கிலோ உயரமும் எடையும் உண்டு. ஆணா, பெண்ணா என்ற கேள்வி கிடையாது.